அமாவாசைப் பெருக்கு

2003ஆம் ஆண்டு யூலை மாதக் கடைசியில், ஆடி அமாவாசையன்று, நோர்வேயின் மேற்குக் கரையில் உள்ள ஒரு தீவில் இது நடந்தது. பேர்கன் நகரத்திலிருந்து காரில் ஒரு மணித்தியாலம், மூன்று நான்கு பாலங்களைக் கடந்து போனால் அந்தத் தீவு வரும். அதற்கு அங்கால் அத்திலாந்திக் கடல்தான். கண்ணுக்கெட்டிய தூரத்துக்கு வேறு நிலம் இல்லை.

நாங்கள் ஒஸ்லோவில் குரோருட் பக்கம் இருப்பவர்கள். என் கணவர் பஸ் ஓட்டுகிறார். நான் ஒரு முதியோர் இல்லத்தில் தாதி உதவியாளராக இருக்கிறேன். எனக்கு ஒரு குணம் உண்டு. வீட்டில் எது நடந்தாலும் நான்தான் ஒழுங்குபடுத்த வேண்டும், அதுவும் மற்றவர்கள் செய்வதை விட ஒரு படி மேலாக. என் பிள்ளைகள் என்னை "மேலதிகாரி" என்று நோர்வேஜிய மொழியில் கூப்பிடுவார்கள். நானும் அதைப் பெருமையாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பயணத்தை ஒழுங்குபடுத்தியதும் நான்தான். அதற்கு மூன்று வருடங்களுக்கு முன் என் மாமனார் ஊரில் காலமாகியிருந்தார். அப்போது போர் நடந்துகொண்டிருந்தது. பாதை இல்லை. மாமா இறந்த செய்தியே பத்தொன்பது நாள் கழித்துத்தான் எங்களுக்கு வந்தது. செய்தி வந்தபோது என் கணவர் பஸ்ஸில் இருந்தார். விசயத்தைக் கேட்டு, "சரி" என்று சொல்லிவிட்டு, அன்றைய ஓட்டத்தை முடித்துத்தான் வீட்டுக்கு வந்தார். வந்தவர் அழவில்லை. அதற்குப் பிறகும் அழவில்லை. பாதி ராத்திரியில் எழும்பிக் குசினி ஜன்னலோரம் நிற்பார், கேட்டால் தண்ணீர் குடிக்க வந்தேன் என்பார். அது எனக்குப் பெரிய கவலையாக இருந்தது.

ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் ஒஸ்லோவிலேயே அவர் தகப்பனுக்கு எள்ளும் தண்ணீரும் விட்டார். அந்த வருடம் நான்தான் புதுத் திட்டம் போட்டேன், மேற்குக் கரைக்குப் போய்ப் பெருங்கடலில் செய்வதென்று.

"ஒஸ்லோக் கடல் காணாதோ? எல்லாரும் அங்கைதானே செய்யினம்," என்றார்.

"அது கடலே? குளம். மாமா வருசா வருசம் கீரிமலைக் கடலிலை முழுகின மனுசன். அவருக்கு இந்தக் குளத்துத் தண்ணியை விடுறியளே?" என்றேன்.

பிள்ளைகள் இரண்டு பேரும் கோடைகால முகாமுக்குப் போயிருந்தார்கள். கோயில் ஐயரிடம் தொலைபேசியில் கேட்டு மந்திரங்களை ஒரு கொப்பித் தாளில் எழுதிக்கொண்டேன். எள்ளு, தர்ப்பை, பச்சரிசி எல்லாம் ஒரு பெட்டியில் கட்டி, மலைகளைத் தாண்டி எட்டு ஒன்பது மணித்தியாலம் ஓடிப் பேர்கன் போய்ச் சேர்ந்தோம்.

பேர்கனில் இரண்டு நாள் நின்றோம். அது பழைய துறைமுகப் பட்டினம். கடல் நகரத்தின் நடு முற்றம் வரைக்கும் வந்து நிற்கிறது. ஒரு பக்கம் சிவப்பும் மஞ்சளுமாகக் கூரான முகட்டு மரவீடுகள், ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்தபடி. நூற்றாண்டுகளுக்கு முன் வடக்கிலிருந்து வந்த காய்ந்த மீனை அங்கேதான் அடுக்கி வைத்து வெளிநாடுகளுக்கு ஏற்றினார்களாம். வீடுகளுக்கு நடுவே மரப்பலகை போட்ட ஒடுங்கிய பாதைகள் உண்டு. ஒன்றுக்குள் நுழைந்ததும் என் கணவர் நின்று மூக்கை உறிஞ்சி, "கருவாடு மணக்குது," என்றார். எனக்குத் தார் மணந்ததே தவிரக் கருவாடு மணக்கவில்லை. அவர் விடவில்லை. ஒவ்வொரு சுவராகப் போய் மோந்து பார்த்தார். பக்கத்தில் நின்ற யப்பான் சுற்றுலாக்காரர்கள் இது ஏதோ முக்கியமான வழக்கம் என்று நினைத்து அவர்களும் மோந்து பார்த்தார்கள்.

காலையில் படகுத்துறையில் ஒரு வெள்ளைப் படகு என் கண்ணுக்கு நேராக நின்றது. மாலையில் திரும்பி வந்தபோது அதே படகு மூன்று நாலு அடி கீழே கிடந்தது. கல்லுப் படிகளில் பச்சைப் பாசி படிந்த ஒரு ஈரக்கோடு தெரிந்தது. "சாமான் ஏத்தியிருப்பினம், பாரத்திலை தாழ்ந்திட்டுது," என்றார் கணவர். நானும் ஓம் என்றேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஆனால் எங்கள் இரண்டு பேரின் ஊரும் தோட்டக்கார ஊர். கடல் என்பது மீன்காரரின் சைக்கிள் வரும் திசை, அவ்வளவுதான். பிறகு வந்து குடியேறிய ஒஸ்லோவிலும் கடல் சும்மா கிடக்கும்.

அமாவாசைக்கு முதல் நாள் பின்னேரம் தீவுக்குப் போனோம். அங்கே ஒரு சின்ன ஹித்தா வாடகைக்கு எடுத்திருந்தேன். ஹித்தா என்றால் நோர்வேக்காரர் விடுமுறைக்குப் போய்த் தங்கும் மரக்குடில். சுற்றிவர மரமே இல்லை, பாறையும் புல்லும் காற்றும்தான். காரில் இரண்டு நிமிடம் போனால் கரை. கரையிலிருந்து எண்பது மீற்றர் அளவில் ஒரு பாறைத்திட்டு. அதற்குப் போக உருண்டைக் கற்களால் ஆன வழி ஒன்று இயற்கையாகவே இருந்தது. நாங்கள் பார்த்தபோது மாலை ஆறு மணி. வழி முழுவதும் வெளியே தெரிந்தது. அந்தத் திட்டின் மேற்குப் பக்கம் நின்றால் முன்னால் திறந்த சமுத்திரம். இதைவிட நல்ல இடம் மாமாவுக்குக் கிடைக்காது என்று நான் தீர்மானித்துவிட்டேன்.

குடிலின் கதவுக்கு உட்பக்கம் பத்திரிகையில் வெட்டிய ஒரு தாள் குத்தியிருந்தது. திகதிகள், ஒவ்வொரு திகதிக்கும் நாலு நேரங்கள், ஒவ்வொரு நேரத்துக்கும் பக்கத்தில் ஓர் எண். பஸ் ஓட்டுகிறவர் கண்ணில் அது பட்டால் என்ன ஆகும்? மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஐந்து நிமிடம் நின்று வாசித்தார்.

"இஞ்சை வந்து பாரும். ஒரு நாளைக்கு நாலே நாலு பஸ். ஒண்டு இருபத்தெட்டாம் நம்பர், மற்றது நூற்றி நாற்பத்தொன்பது. நாளுக்கு நாள் நேரமும் மாறுது, நம்பரும் மாறுது. ஆர் இவங்களுக்கு நேரசூசி போடுறது?"

"எங்களிட்டைக் கார் இருக்குத்தானே, விடுங்கோ," என்றேன்.

மறுநாள் விடிய நாலரைக்கே எழும்பிச் சமைத்தேன். சோறு, பருப்பு, வாழைக்காய்க் கறி. ஆடி அமாவாசைக்கு ஊரில் காத்தோட்டிக்காய் என்ற காட்டுக் கசப்புக்காய் வேண்டும், அது எங்கே கிடைக்கப் போகிறது, பாகற்காய் வைத்தேன். கடற்கரையிலேயே படைப்போம், காகம் இல்லாத இடத்தில் கடற்பறவை எடுக்கட்டும், பிறகு குடிலுக்கு வந்து நாங்கள் சாப்பிடுவோம் என்பது என் திட்டம். தகப்பனுக்குப் படைக்கும் வரை மகன் பச்சைத் தண்ணீர் தவிர ஒன்றும் வாயில் வைக்கக்கூடாது. நான் கொஞ்சம் இரங்கி, சீனி போடாத வெறும் தேத்தண்ணிக்கு மட்டும் அனுமதி கொடுத்தேன்.

என் கணவருக்கு ஏழு வருடமாகச் சலரோகம். காலையிலும் மாலையிலும் இன்சுலின் ஊசி. வீட்டில் ஒவ்வொரு நாளும் தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில் ஊசிப் பேனையை எடுத்து வைப்பது என் வேலை. அன்றும் வைத்தேன். அவரும் எடுத்து வயிற்றில் போட்டுக்கொண்டார். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். ஊசி போட்டால் அரை மணித்தியாலத்துக்குள் சாப்பிட வேண்டும். முதியோர் இல்லத்தில் சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடிக்கும் கிழவர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லியே என் தொண்டை வற்றியிருக்கிறது. ஆனால் அன்று என் தலை முழுக்கப் பாகற்காயும் மந்திரத் தாளும்தான் இருந்தன. அவருக்கோ, நான் எல்லாவற்றையும் யோசித்திருப்பேன் என்ற நம்பிக்கை.

ஏழு மணிக்குக் கரைக்குப் போனோம். அவர் வேட்டிக்கு மாறி, காற்சட்டையையும் அதற்குள் இருந்த கைத்தொலைபேசியையும் காரில் விட்டார். கையில் பெட்டியும் சோறு கறி வைத்த சருவமும் இருந்ததால் நானும் என் கைப்பையைக் காரில் வைத்தேன். அந்தப் பையில் எப்போதும் அவருக்காக ஒரு பெட்டி குளுக்கோஸ் வில்லையும் நாலைந்து இனிப்பும் இருக்கும். கற்களில் ஈரப்பாசி வழுக்கியது. ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு திட்டுக்குப் போய், மறுபக்கம் இறங்கினோம். கரை எங்கள் முதுகுக்குப் பின்னால் மறைந்தது.

குளிர்த் தண்ணீரில் மூன்று முறை முழுகி எழும்பினார். நான் தாளைப் பார்த்து மந்திரம் வாசிக்க, அவர் திருப்பிச் சொல்லி எள்ளும் தண்ணீரும் விட்டார். வாழையிலை இல்லாததால் கேக் சுடும் கடதாசியை விரித்து, சோறு கறிகளையும் இரண்டு வாழைப்பழத்தையும் படைத்தேன். அவர் வானத்தைப் பார்த்து "கா, கா" என்று கூப்பிட்டார். கோழி அளவில் ஒரு வெள்ளைப் பறவை வந்தது. பிறகு இரண்டு, பிறகு இருபது. கடதாசியைக்கூட விட்டுவைக்கவில்லை, இழுத்துக்கொண்டு போயின. சோற்றில் ஒரு பருக்கை மிச்சமில்லை.

"அப்பா வடிவாச் சாப்பிட்டிட்டார்," என்றார் அவர்.

சொல்லிவிட்டு அப்படியே பாறையில் இருந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினார். மூன்று வருடம் வராத அழுகை. நான் கொஞ்சம் தள்ளிப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தேன். அழட்டும், எவ்வளவு நேரமென்றாலும் அழட்டும் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், என் திட்டம் பலித்துவிட்டது என்ற திருப்தியும் எனக்குள் இருந்தது. அப்படியே ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போயிருக்கும்.

அவர் அழுது ஓய்ந்ததும் எழும்பித் திட்டின் மேலே ஏறினேன். மறுபக்கம் பார்த்தபோது எனக்கு முதலில் விளங்கவில்லை. வேறு பக்கத்துக்கு வந்துவிட்டோமோ என்று நினைத்தேன். கரை இருந்தது, எங்கள் நீலக் கார் இருந்தது. நடந்து வந்த வழி இல்லை. அந்த இடத்தில் தண்ணீர் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஆறு மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

திட்டு உயரமானது, அது முழுகாது என்று பார்த்தவுடன் தெரிந்தது. இருந்து பார்த்தால் தண்ணீர் எப்போதோ இறங்கும். அதனால் பதற வேண்டாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரும்பினேன். அப்போதுதான் அவர் நெற்றியைக் கண்டேன். அந்தக் குளிர்காற்றில், ஈர வேட்டியோடு இருந்த மனிதருக்கு நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. கை நடுங்கியது. குளிரில் வரும் நடுக்கம் வேறு, இது வேறு. எத்தனை கிழவர்களின் கைகளில் நான் இந்த நடுக்கத்தைப் பார்த்திருக்கிறேன்! வயிற்றில் ஊசி போட்டது, பேனையை நான் எடுத்து வைத்தது எல்லாம் ஒன்றாக என் கண்முன்னே வந்தன.

இரத்தத்தில் சீனி இறங்கிக்கொண்டிருந்தது. அதை ஏற்ற ஒரு வாய் வாழைப்பழம் போதும். பழத்தைப் பறவை கொண்டுபோய்விட்டது. பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினேன். எள்ளும் நாலு பச்சரிசியும் விழுந்தன. பாத்திரத்தை விரலால் வழித்தேன், பாகற்காயின் கசப்புத்தான் ஒட்டியிருந்தது. எண்பது மீற்றருக்கு அங்கால், காரின் முன் இருக்கையில் என் கைப்பை இருந்தது. அதன் மஞ்சள் வார் கண்ணாடிக்குள்ளால் தெரிவது போலவே எனக்குப் பட்டது.

எங்கள் இரண்டு பேருக்கும் நீந்தத் தெரியாது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினேன். முழங்கால் வரை பரவாயில்லை. இன்னும் நாலு அடி வைத்ததும் பாசிக்கல் ஒன்று உருண்டு, இடுப்புக்கு மேல் உள்ளே போனேன். தண்ணீர் என்னைப் பக்கவாட்டில் இழுத்தது. எப்படி ஒரு கல்லைப் பிடித்தேனோ தெரியாது. முழங்கை கிழிந்து, உப்புத் தண்ணீர் குடித்து, தவழ்ந்து திரும்ப ஏறினேன். நான் போய்விட்டால் அவருக்குப் பக்கத்தில் யாரும் இல்லை என்ற பயம்தான் என்னைத் திருப்பியது.

மேலே வந்தபோது அவர் எழும்பி நின்றார். கண் எங்கேயோ இருந்தது.

"நான் டியூட்டிக்குப் போகோணும். பிந்திட்டுது," என்றார்.

"இருங்கோ. இண்டைக்கு லீவு," என்று கையைப் பிடித்தேன்.

உதறினார். பதினெட்டு வருடத்தில் என் கையை அவர் உதறியதில்லை. பிறகு என்னைப் பார்த்து, பஸ்ஸில் ஏறும் தெரியாத பயணியிடம் சொல்வது போல மரியாதையாக, "வாசலை விட்டுத் தள்ளி நில்லுங்கோ, அம்மா," என்று சொல்லிவிட்டுத் தண்ணீரை நோக்கி நடந்தார். என்னை அவருக்குத் தெரியவில்லை. நான் அவர் இடுப்பைக் கட்டிப்பிடித்து, என் முழுப் பாரத்தையும் போட்டு அவரை இழுத்து விழுத்தினேன். இரண்டு பேரும் பாறையில் விழுந்தோம். அவர் மேல் ஏறி இருந்துகொண்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். கொஞ்ச நேரத்தில் அவர் திமிறுவதை விட்டார். அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. சோர்ந்து கண் மூடினால் பிறகு வலிப்பு வரும், பிறகு என்ன வரும் என்று எனக்குத் தெரியும். இதெல்லாம் தெரியாதவளாக இருந்திருக்கலாமே என்று அப்போது நினைத்தேன்.

அந்த நேரம்தான் இயந்திரச் சத்தம் கேட்டது. ஒரு சின்னப் படகு, அதில் தொப்பி போட்ட ஒரு வயதான மனிதர். நண்டுக்கூடு இழுக்கிறவர் போல. நான் எழும்பி நின்று இரண்டு கையாலும் வீசினேன். அவர் என்னைப் பார்த்தார். பார்த்து, ஒரு கையைத் தூக்கி அழகாகத் திருப்பி வீசிவிட்டுப் போனார். அந்தக் கரையில் எதிர்ப்படுகிற எல்லோருக்கும் கை காட்டுவது வழக்கமாம். முனையைச் சுற்றிப் படகு மறைந்துவிட்டது. கத்தினேன். காற்று என் சத்தத்தை எனக்கே திருப்பிக் கொடுத்தது.

அதற்குப் பிறகு போன நேரம் பத்து நிமிடம்கூட இருக்காது என்று பிறகு கணக்குப் பார்த்தோம். எனக்கு அது அரை நாள். அவர் தலையை மடியில் வைத்துக் கன்னத்தில் தட்டிக்கொண்டே இருந்தேன். பிள்ளைகள் நினைவு வந்தது. முகாமுக்கு யார் போய் என்ன சொல்லி அவர்களைக் கூட்டிவருவது என்றுகூட யோசித்துவிட்டேன். மாமாவைத் திட்டினேன். "உங்களுக்குத்தானே மாமா வந்தனாங்கள், பாத்துக்கொண்டு நிக்கிறியளே?" என்று வாய்விட்டே கேட்டேன். திட்டவேண்டியது அவரையல்ல என்று எனக்குத் தெரியும்.

சத்தம் திரும்பி வந்தது. அந்த மனிதர்தான். முனையைக் கடந்த பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தாராம். இந்த நேரத்தில் அந்தத் திட்டில் ஆள் நிற்கக்கூடாதே என்று யோசித்துத் திருப்பினாராம். படகை ஒரு பாறையோடு அணைத்துவிட்டு ஏறி வந்தார். நான் கத்திய கத்தலில் என் நோர்வேஜிய மொழி எங்கேயோ போய்விட்டது. "சீனி, சீனி" என்ற ஒரு சொல்லை மட்டும் அவர் மொழியில் திருப்பித் திருப்பிச் சொன்னேன்.

அவர் படகுக்கு இறங்கிப் போய், ஒரு கோப்பிக் குடுவையையும் பழைய தகரப்பெட்டி ஒன்றையும் எடுத்து வந்தார். பெட்டிக்குள் சீனிக்கட்டிகள். எங்கள் இல்லத்தில் இருக்கும் வயதானவர்கள் சிலர் சீனிக்கட்டியைக் கோப்பியில் தோய்த்துப் பல்லுக்கிடையில் வைத்து உறிஞ்சுவார்கள். பல் போய்விடும் என்று நான் எத்தனை பேரிடம் அந்தப் பெட்டியைப் பறித்து வைத்திருக்கிறேன்! அன்று இரண்டு கட்டியைக் கோப்பியில் நனைத்துக் கரைத்து, பசையாக்கி, என் கணவரின் கன்னத்துக்குள்ளே விரலால் தேய்த்தேன். விழுங்கினார். திரும்பவும் தேய்த்தேன். அந்தக் கிழவர் அவர் தலையைப் பிடித்துக்கொண்டார். எட்டு ஒன்பது கட்டி முடிந்திருக்கும். அவர் கண் மெதுவாக என் முகத்தில் வந்து நின்றது.

"ஏனப்பா சேலையெல்லாம் ஈரம்?" என்றார்.

நான் விக்கி விக்கி அழுதேன்.

அவர் எழும்பி இருந்து, பிறகு தானாகவே ஒரு சீனிக்கட்டியை எடுத்துச் சப்பத் தொடங்கிய பிறகுதான் அந்தக் கிழவர் எங்களை ஏசத் தொடங்கினார். நன்றாகவே ஏசினார். இன்றைக்கு அமாவாசை, மாதத்தில் கடல் ஆகக் கூடப் பெருகும் நாளில் ஒன்று, வேறு நாள் கிடைக்கவில்லையா என்று கேட்டார். அமாவாசை என்பதால்தான் வந்தோம் என்று நான் சொன்னேன். தகப்பனாருக்குச் செய்யும் கடமையைப் பற்றித் தடுமாறித் தடுமாறி விளங்கப்படுத்தினேன். அவர் கேட்டு முடித்து, எங்கிருந்து வருகிறீர்கள் என்றார்.

"ஒஸ்லோவிலிருந்து," என்றேன்.

வழக்கமாக இந்தப் பதிலுக்குப் பிறகு இன்னொரு கேள்வி வரும். அது சரி, உண்மையில் எங்கிருந்து என்று. அவர் அதைக் கேட்கவில்லை. எல்லாம் விளங்கிவிட்டது போலத் தலையை ஆட்டி, "ஒஸ்லோவா, அப்படியென்றால் சரி. ஒஸ்லோக்காரர் எல்லாரும் இப்படித்தான். அங்கே கடல் அசையாது, இங்கே வந்து மாட்டிக்கொள்வார்கள்," என்றார். இந்த நாட்டுக்கு வந்த பதினைந்து வருடத்தில், சந்தேகமே இல்லாமல் என்னை ஒஸ்லோக்காரி என்று ஏற்றுக்கொண்ட முதல் மனிதர் அவர்தான். அதுவும் ஒரு முட்டாள்தனத்துக்காக.

குடிலின் கதவில் கடலின் நேரம் போட்ட தாள் இருக்குமே, அதைப் பார்க்கவில்லையா என்றும் கேட்டார். நாலு நேரத்தில் இரண்டு வற்று, இரண்டு பெருக்கு. பக்கத்தில் இருந்தது தண்ணீரின் உயரமாம், சென்ரிமீற்றரில். நானும் கணவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். நூற்றி நாற்பத்தொன்பதாம் நம்பர் பஸ் என்று நினைத்தோம் என்று என் கணவர் மெல்லிய குரலில் ஒப்புக்கொண்டார். அந்தக் கிழவர் படகின் விளிம்பில் இருந்து சிரித்த சிரிப்பில் தொப்பி கழன்று விழுந்தது.

எங்களைப் படகில் ஏற்றிக் கரையில் இறக்கினார். கார்க் கதவைத் திறந்து கைப்பையை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். அவர் குடில் வரைக்கும் கூடவே வந்து, என் கணவர் ஒரு கோப்பைச் சோறு சாப்பிட்டு முடிக்கும் வரை வாசலில் நின்று பார்த்தார். பாகற்காயை அவருக்கும் ஒரு கரண்டி கொடுத்தேன். முகத்தைச் சுளித்தாலும் விழுங்கினார். பெயர் கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியபோது படகு போய்விட்டது.

ஒஸ்லோவுக்கு வந்த பிறகு பல மாதம் எனக்கு நித்திரை ஒழுங்காக இல்லை. பாதி ராத்திரியில் எழும்பி அவர் மூச்சு விடுகிறாரா என்று பார்ப்பேன். "தள்ளி நில்லுங்கோ, அம்மா" என்ற குரல் வேலைக்குப் போகும் வழியில்கூடக் கேட்கும். அவர் என்னை ஒரு சொல்லும் குறை சொல்லவில்லை. ஊசியைப் போட்டது தான்தானே என்றார். அவர் அப்படிச் சொன்னது எனக்கு இன்னும் பாரமாக இருந்தது. முதியோர் இல்லத்தில் கிழவர்களை அதட்டும் என் குரலும் அதோடு இறங்கிவிட்டது.

அடுத்த வருட ஆடி அமாவாசையன்று, எல்லோரும் போகும் அதே ஒஸ்லோக் கரைக்குப் போனோம். கிளம்ப முன்பு மேசையில் வெண்ணெய் பூசிய நாலு துண்டுப் பாணும் முட்டையும் வைத்து, சாப்பிடுங்கள் என்றேன். அவர் தயங்கினார்.

"அப்பாவுக்கு வைக்க முதல் நான் எப்பிடியப்பா சாப்பிடுறது?"

"மாமா என்னட்டை முதல் கேக்கப் போறது, என்ரை பிள்ளை சாப்பிட்டவனோ எண்டுதான். அதுக்கு நான் பதில் சொல்லோணும்," என்றேன்.

குனிந்துகொண்டே சாப்பிட்டார். கடைசித் துண்டை வாயில் வைக்கும்போது அவர் கண் கலங்கியிருந்தது, நான் பார்க்காத மாதிரி இருந்தேன். இப்போது ஒவ்வொரு வருடமும் எங்கள் வீட்டில் இதுதான் வழக்கம். சிலர் இது விரதமே இல்லை என்கிறார்கள், சொல்லட்டும். இறந்துபோன ஒருவர் பசித்திருக்கக்கூடாது என்று மலைகள் தாண்டிச் சோறு கொண்டுபோன நான், உயிரோடு இருந்தவரைப் பட்டினியாகக் கடலின் நடுவே இருத்தி வைத்தவள் என்பதை, அவர் பாணை மெல்லும் சத்தம் கேட்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன், அந்தச் சத்தம் இன்னும் கேட்கிறதே என்று நன்றியோடு நின்று முழுவதையும் கேட்டு முடித்த பிறகுதான் எள்ளை எடுத்து அவர் கையில் கொடுக்கிறேன்.